நோயுற்ற நாயும் படக்கருவியும்: தன்னிலை ஆவணப்படத்தில் ஓர் அறச்சிக்கல்

ஆவணப்படம் என்னும் கலைவடிவம் நெடுங்காலம் பொதுவாழ்வையே தன் பொருளாகக் கொண்டு வளர்ந்தது. போர், தொழிற்சாலை, தொலைநிலத்து மக்களின் வாழ்க்கை, அரசின் திட்டங்கள் முதலியனவே அதன் களங்களாக இருந்தன. படம் எடுப்பவர் திரைக்கு வெளியே நின்றார். அவருடைய வீடும் உறவும் துயரமும் படத்திற்கு உரியனவாகக் கருதப்படவில்லை. 1960களில் தோளில் ஏந்தத்தக்க எடைகுறைந்த கருவிகளும் காட்சியோடு ஒத்தியங்கும் ஒலிப்பதிவும் கைக்கு வந்தபின் இந்நிலை மாறத் தொடங்கியது. ஜோனாஸ் மேக்காஸ் 1969இல் தம் நாட்குறிப்பையே 'வால்டன்' என்னும் படமாக்கினார். ராஸ் மெக்எல்வீ அமெரிக்க உள்நாட்டுப் போரின் தளபதி ஷெர்மனைப் பற்றிப் படமெடுக்கப் புறப்பட்டு, தம் காதல் தோல்விகளைப் பற்றிய படத்தோடு திரும்பினார்; 'ஷெர்மனின் படைநடை' (1986) அவ்வாறு உருவானதே. 2000இல் வெளிவந்த தம் படத்தில் ஆக்னஸ் வார்தா, சிறிய எண்முறைக் கருவியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முதுமையால் சுருங்கிய தம் மற்றொரு கையையே படமெடுத்தார். பில் நிக்கல்ஸ் 2001இல் வெளியிட்ட அறிமுக நூலில் ஆவணப்படத்தை அறுவகைப்படுத்தி, எடுப்பவரின் உணர்வும் நிலைப்பாடும் வெளிப்பட நிற்கும் வகைக்குத் தனியிடம் தந்துள்ளமை ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. இவ்வகையையே நாம் தன்னிலை ஆவணப்படம் என்கிறோம்.

இவ்வகைப் படங்களுள் ஒரு சிறு கிளை, வீட்டில் வளர்ந்த நாய் புற்றுநோயுற்று மறைவதைப் பொருளாகக் கொண்டது. இன்று கைப்பேசியே படக்கருவியாகிவிட்டபடியால், இத்தகைய முயற்சிகள் பெருகியுள்ளன. "நாய்க்காக ஒரு படமா?" என்னும் வினா இதனை எடுக்க முனைவோர் பலரும் எதிர்கொள்வது. அவ்வினாவைப் புறந்தள்ளுதல் எளிது. ஆயினும் அதற்கு விடை கூறுதலே முறை.

நாய்க்கு நினைவுச்சின்னம் எடுத்தல் நம் மரபுக்குப் புதியதன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல், பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதில் வீரனுக்கு அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் கல்லெழுத்தாக இன்றும் உள்ளன. கருநாடகத்து ஆதகூரில் கிடைத்த கி.பி. 949-950ஆம் ஆண்டுக் கல் இன்னும் வியப்புக்குரியது. சோழ இளவரசன் இராசாதித்தன் தக்கோலப் போரில் வீழ்ந்த செய்தியைத் தாங்கி நிற்கும் அக்கல்லே, காளி என்னும் வேட்டைநாய் காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்த செய்தியையும் தாங்கியுள்ளது. பேரரசுகளின் போரும் ஒரு நாயின் இறப்பும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்பதில் அக்காலத்தார் பொருந்தாமை எதனையும் காணவில்லை. உருவமும் அதற்கு விளக்கமாக எழுத்தும் கொண்ட நடுகல்லை ஆவணப்படத்தின் தொன்மையான உறவினர் எனக் கூறுதல் மிகையாகலாம். ஆயினும் இரண்டும் செய்யும் பணி ஒன்றே.

வேறுபாடு ஒன்றுண்டு. நடுகல்லில் உள்ள நாய்கள் செயல் புரிந்து மடிந்தவை. புற்றுநோயுற்ற நாய் எதுவும் செய்வதில்லை. அதற்குச் செய்யப்படுகிறது. செய்பவர் அதன் உடைமையாளர். படம் எடுப்பவரும் அவரே. இவ்விருமையிலிருந்தே இத்தகைய படங்களின் சிக்கல் அனைத்தும் கிளைக்கின்றன.

நோயே படத்தின் வடிவத்தை முடிவுசெய்தல்

புற்றுநோய் என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் பொதுப்பெயர். நாய்களிடம் மிகுதியாகக் காணப்படும் மூவகைப் புற்றுகள் மூவேறு காலஅளவைகளைக் கொண்டவை. படமெடுப்போர் இதனை முதலில் அறிதல் வேண்டும்.

மண்ணீரலில் தோன்றும் இரத்தக்குழாய்ப் புற்று பெரும்பாலும் ஓசையின்றி வளர்ந்து, ஒருநாள் வெடித்து உட்குருதிப் பெருக்கை உண்டாக்குகிறது. காலையில் ஓடிய நாய் மாலையில் எழுவதில்லை. அறுவையும் மருந்தும் அளித்தாலும் எஞ்சுவன பெரும்பாலும் சில மாதங்களே. இந்நோயைப் பற்றிய படம் நோய்க்காலத்தைப் பற்றிய படமாக அமைதல் அரிது. முன்பு எடுத்து வைத்த பிறந்தநாள், கடற்கரைக் காட்சிகளைத் திரட்டிப் பின்னோக்கிக் கட்டும் படமாகவே அமையும். எலும்புப் புற்று பேரின நாய்களின் கால்களையே பெரிதும் பற்றுகிறது. அதன் தொடக்கம் நொண்டுதல். அடுத்தது காலை அகற்றுதல். காலை மட்டும் அகற்றினால் நான்கைந்து மாதம், அதனோடு வேதிச்சிகிச்சையும் சேர்ந்தால் ஏறத்தாழ 10 முதல் 12 மாதம் என்பது பொதுவான நிலை. மூன்று காலில் நடக்கக் கற்கும் நாய் காண்போரை எளிதில் உருக்கும். எளிதில் உருக்குவதாலேயே அங்கே படமெடுப்போர் விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நிணநீர்ப் புற்று இவ்விரண்டினும் வேறானது. நாம் விரிவாகக் காண வேண்டியதும் அதுவே. தாடையின் கீழும் தோளின் முன்னும் முழங்காலின் பின்னும் உள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. பேச்சு வழக்கில் நெறிகட்டுதல் என்போமே, அதுபோல வலியின்றித் திரண்டு நிற்கும். சிகிச்சை அளிக்காவிடின் 4 முதல் 6 வாரங்களில் முடிவு நேரலாம். நான்கு மருந்துகளைச் சுழற்சி முறையில் அளிக்கும் சிகிச்சை 19 முதல் 25 வாரம் வரை நீள்கிறது. பத்தில் எட்டு ஒன்பது நாய்களுக்கு நோய் அடங்குகிறது. ஆயினும் பெரும்பாலும் மீள்கிறது. மொத்தத்தில் ஏறத்தாழ ஓராண்டு வாழ்வு கிடைத்தால் அது நல்ல பயன் எனக் கருதப்படுகிறது. அந்நான்கனுள் ஒன்றான வின்கிரிஸ்டின், நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. தமிழ்நாட்டில் சுடுகாட்டுமல்லி என்றும் வழங்கும் அச்செடி நம் வீட்டு முற்றங்களிலும் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்பதே.

இச்சிகிச்சையின் நோக்கம் நோயை வேரறுத்தல் அன்று. நல்ல நாள்களைக் கூட்டுதலே. ஆதலால் மனிதர்க்கு அளிப்பதினும் மென்மையான முறையிலேயே மருந்து அளிக்கப்படுகிறது. முடி தொடர்ந்து வளரும் பூடில் போன்ற சில இனங்களைத் தவிர ஏனைய நாய்களுக்கு முடி பெரிதும் உதிர்வதில்லை. பல நாய்கள் உண்டு, ஓடி, வாலாட்டிக்கொண்டே இருக்கின்றன. படமெடுப்பவருக்கு இதனால் நேரும் இடர்ப்பாட்டைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. படக்கருவிக்கு நோய் தெரிவதில்லை. திரையில் காண்பது நலமுள்ள ஒரு நாயே. நோயுற்ற மனிதரைக் காட்டும் படங்களில் வரும் மெலிந்த முகமும் முடியற்ற தலையும் இங்கு உதவமாட்டா.

அவ்வாறாயின் எதனைப் படமெடுப்பது? நாயின் தாடையின் கீழ் ஒவ்வொரு காலையும் கட்டி கரைந்துள்ளதா எனத் தடவிப் பார்க்கும் விரல்களை எடுக்கலாம். பிரட்னிசோலோன் மாத்திரை தாகத்தை மிகுவிப்பதால், நாளொன்றுக்குப் பலமுறை நிரப்பப்படும் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கலாம். மருந்து ஏற்றிய அடுத்த இரண்டு மூன்று நாள்களுக்கு நாயின் சிறுநீரைக் கையுறையின்றித் தொடலாகாது, அக்கையுறைகளை எடுக்கலாம். இவை அனைத்தும் நாயைச் சுற்றியுள்ள மனிதரின் செயல்கள் என்பதைக் காண்க. நோய் அவர்களுடைய கைகளிலேயே கண்ணுக்குப் புலனாகிறது. நாயின் கண்களை அண்மைக்காட்சியில் நெடுநேரம் காட்டி, அடியில் இசையை ஓடவிடும் படங்களைக் காட்டிலும், கிண்ணம் நிரம்பும் ஓசையை மட்டும் பதிந்த படம் நமக்கு அதிகம் சொல்லும்.

ஆறு நோக்குகளும் பொருந்தாத இடம்

சாவைப் படமெடுத்தல் பற்றி எழுதியோருள் விவியன் சோப்சாக் முதன்மையானவர். 1984இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, இறப்பைக் காணும் படக்கருவியின் நோக்கினை வகைப்படுத்துகிறது. தற்செயலாகக் காணுதல், செய்வதறியாது காணுதல், தாமே இடருக்கு உள்ளாகிக் காணுதல், தலையிட்டுக் காணுதல், பரிவோடு காணுதல், தொழில் முறையாகக் காணுதல் என அவை ஆறு. இரண்டாவதனைக் கையறு நோக்கு என மொழிபெயர்த்தால், புறத்திணை மரபில் கையறுநிலை என்னும் துறையை அறிந்த நமக்கு அது உடனே விளங்கும். ழான் ரெனுவாரின் 'ஆட்டத்தின் விதிகள்' (1939) என்னும் கதைப்படத்தில் வேட்டைக்காட்சியில் மடியும் முயலைப் பற்றியும் சோப்சாக் பேசுகிறார். அப்படத்தில் மனிதன் சாவது நடிப்பு. முயல் சாவது உண்மை. அவ்வொரு கணம் கதைப்படம் ஆவணப்படமாகிவிடுகிறது.

பரிவு நோக்குக்குச் சிறந்த சான்றாகக் காட்டத்தக்கது 'சில்வர்லேக் வாழ்வு' (1993). எய்ட்ஸ் நோயுற்ற டாம் ஜாஸ்லின் தம் நோயையும் தம் துணைவர் மார்க் மாசியின் நோயையும் தாமே படமெடுக்கத் தொடங்கினார். அவர் மறைந்தபின் அவருடைய முன்னாள் மாணவர் பீட்டர் ப்ரீட்மன் அதனை முடித்தார். அப்படத்தின் கொடிய காட்சிகளையும் நாம் காண இயல்வதற்குக் காரணம், காட்டப்படுபவரே காட்டுமாறு கேட்டுக்கொண்டவர் என்பதே.

நாயிடம் அவ்வொப்புதலைப் பெற வழியில்லை. எனவே பரிவு நோக்கு முழுமையாகப் பொருந்தாது. கையறு நோக்கும் பொருந்தாது. ஏனெனில் படமெடுப்பவர் செய்வதறியாது நிற்பவரல்லர். சிகிச்சையைத் தொடங்கவும் நிறுத்தவும் இறுதி ஊசிக்கு இசையவும் கையெழுத்திடுபவர். தலையிடு நோக்கு எனின், அத்தலையீடு காப்பதற்கா முடிப்பதற்கா என்பது ஒவ்வொரு வாரமும் மாறக்கூடியது. தாம் கையெழுத்திடுவதை மறைத்து, கண்ணீரை மட்டும் காட்டும் படம் தன்னைக் கையறுநிலையாகக் காட்டிக்கொள்கிறது. இத்தகைய படங்களில் நாம் காணும் பெருங்குறை இதுவே. நாயின் மேல் அன்பில்லாமை அன்று குறை. முடிவெடுத்தவர் யார் என்பதைப் படம் சொல்லாமை.

லோலாபெல்லும் லாரி ஆண்டர்சனும்

இச்சிக்கலை நேர்நின்று எதிர்கொண்ட படமாக லாரி ஆண்டர்சனின் 'ஒரு நாயின் இதயம்' (2015) நமக்குத் தோன்றுகிறது. இதே பெயரில் மிகயீல் புல்ககோவ் எழுதிய உருசியக் குறுநாவல் வேறு; அதனோடு இதற்குத் தொடர்பில்லை. நியூயார்க்கின் இசைக்கலைஞரான ஆண்டர்சன், லோலாபெல் என்னும் தம் டெரியர் இன நாய் மறைந்ததைப் பொருளாகக் கொண்டு 75 நிமிடப் படமாக இதனை அமைத்தார். பழைய 8 மி.மீ. குடும்பப்படங்கள், தம் கையால் வரைந்த ஓவியங்கள், நாயின் உயரத்தில் தெருவைக் காட்டும் காட்சிகள் ஆகியன இதில் கலந்துள்ளன. முதுமையில் பார்வை இழந்த லோலாபெல்லுக்கு விசைப்பலகை வாசிக்கப் பழக்கிய காட்சிகள் பலராலும் பேசப்பட்டவை, நகைப்புக்கு இடமளிப்பவை. அந்நகைப்பைப் படம் தடுக்கவுமில்லை.

இறுதிக் காலத்தில் மருத்துவரின் வழக்கமான அறிவுரை கருணைக்கொலையையே சுட்டியது. ஆண்டர்சன் தம் பௌத்த நம்பிக்கையின்படி அதனை மறுத்து, நாயை வீட்டிற்குக் கொண்டுவந்து உடனிருந்தார். இம்முடிவு சரியா என்பதில் நாம் அவரோடு முற்றிலும் உடன்படவில்லை. வலி தணிக்கப்படாத நாய்க்கு இயற்கை மரணம் ஒரு பேறு எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் அவர் தம் முடிவைத் தம் முடிவாகவே சொல்கிறார். நாய் அவ்வாறு விரும்பியதாகச் சொல்லவில்லை. இறப்புக்குப்பின் 49 நாள் இடைநிலை உண்டு என்னும் திபெத்திய நம்பிக்கையை ஒட்டி, அந்நிலையில் லோலாபெல்லைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். கண்டதைக் காட்டும் கருவியால் எட்ட முடியாத இடத்தில் அதனை விடுத்துக் கரியையும் தாளையும் கையில் எடுத்தது, ஆவணப்படத்தின் எல்லை எது என்பதை அறிந்தவரின் செயல்.

நாயின் உள்ளத்தை அவர் ஊகிக்கும் இடமும் ஒன்றுண்டு. கலிபோர்னிய மலைப்பகுதியில் நடக்கையில் பருந்துகள் லோலாபெல்லை இரையெனக் கருதித் தாழப் பறந்து வருகின்றன. அதுமுதல் நாய் வானத்தை அஞ்சி நோக்குகிறது. அம்முகத்தில் தாம் கண்டதை ஆண்டர்சன், 2001 செப்டம்பர் 11க்குப்பின் தம் அண்டைவீட்டார் முகங்களில் கண்டதோடு இணைக்கிறார். நாய் பேசாதவற்றைப் பேசும் குற்றம் இங்கு உண்டா? நம் கருத்தில் இல்லை. ஊகம் நாயின்மேல் தொடங்கினாலும் மனிதரின் அச்சத்தில் முடிகிறது. யாருடைய அச்சத்தைப் பற்றிய பேச்சு அது என்பதில் ஐயம் எழவில்லை.

படத்தின் நடுவே மற்றொரு பகுதி, நாயோடு தொடர்பற்றது போல் வருகிறது. சிறுமியாக இருந்தபோது முதுகெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்த கதையை ஆண்டர்சன் பல்லாண்டுகள் பலரிடம் சொல்லி வந்தார். தீக்காயமுற்ற பிள்ளைகள் அதே அறையில் இரவுகளில் எழுப்பிய ஓலத்தைத் தம் கதையிலிருந்து விலக்கியே சொல்லி வந்ததைப் பின்னாளில் உணர்கிறார். சொல்லச் சொல்லக் கதை செப்பமடைகிறது; செப்பமடைய அடைய நடந்தது நழுவுகிறது. நாய் இறந்த துயரைப் படமாக்குவோர் அனைவரும் இப்பகுதியை மட்டுமேனும் காணுதல் வேண்டும். இனி, 2013இல் மறைந்த அவர் கணவர் லூ ரீடுக்கே படம் காணிக்கையாக்கப்பட்டுள்ளது. ஆயினும் அவரைப் பற்றிப் பின்னணிக் குரல் ஏறத்தாழ மௌனமாகவே உள்ளது. இறுதியில் அவர் பாடல் ஒலிக்கிறது. நாயைப் பற்றிச் சொல்ல இயன்றது, கணவரைப் பற்றிச் சொல்ல இயலவில்லை போலும்.

குரலும் செலவும்

நம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர், நிணநீர்ப் புற்றுக்கு ஆளான தம் வீட்டு நாய் மணியைப் பற்றி இவ்வகைப் படமொன்றை எடுத்தார். மணி தோட்டப்புறத்திலிருந்து உடன்வந்த கலப்பின நாய். சிகிச்சை அட்டவணையையே அவர் படப்பிடிப்பு அட்டவணையாகக் கொண்டார். அது நல்ல முறை. ஆனால் மருந்து ஏற்றும் நாள்கள் மட்டுமே பதிவாகி, இடைப்பட்ட நல்ல நாள்கள் விடுபட்டுப்போகும் இடர் அதில் உண்டு. எதுவும் நிகழாத செவ்வாய்க்கிழமைகளையும் எடுக்குமாறு கேட்டுக்கொண்டோம்.

முதல் தொகுப்பில், ஊசி போடும் காட்சிக்கு முன்னர், மணி போக விரும்பினான் என்னும் பொருளில் ஒரு வாக்கியம் பின்னணிக் குரலாக வந்தது. அவ்வாக்கியத்திற்குச் சான்று எது என வகுப்பில் வினவப்பட்டது. மணி இரண்டு நாளாக உண்ணவில்லை, எழவில்லை, கதவோரம் போய்ப் படுத்தான் என்றார். அம்மூன்றும் கண்டவை. விரும்பினான் என்பது காணாதது. அவர் வாக்கியத்தை நீக்கி, அம்மூன்றையும் வைத்து, "நாங்கள் முடிவு செய்தோம்" என்று பதிந்தார். தன்மைப் பன்மைக்கு மாறிய அவ்வொரு சொல்லால் வீட்டார் அனைவரும் படத்திற்குள் வந்துவிட்டனர். அவர்களுடைய ஒப்புதல் அதன்பின்தான் சிக்கலாயிற்று.

தாய்க்கு இதில் உடன்பாடில்லை. பல ஆயிரம் ரிங்கிட் நாய்க்குச் செலவானதை உறவினர் அறிதல் கூடாது என்பது அவர் எண்ணம். அவ்வெண்ணத்தைக் குறை கூறுவதற்கில்லை. மகனின் படிப்புக் கட்டணத்தை உறவினரிடம் கடனாகப் பெற்ற வீட்டில், நாயின் மருந்துச் சீட்டு எளிய பொருளன்று. ஆயினும் பணத்தைப் பேசாத நாய்ப் புற்றுநோய்ப் படம் பாதிப்படமே. சிகிச்சையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவ முடிவு எனத் திரையில் தோன்றினும், பல வீடுகளில் அதனைத் தீர்ப்பது வரவுசெலவே. அதனை மறைத்தால், சிகிச்சை அளிக்க இயலாத பிறர் தம்மை அன்பற்றவர் என எண்ணும்படி படம் செய்துவிடும்.

மருத்துவர்க்கும் இதில் உரிமை உண்டு. தம் பணியிடத்தில் எதனை எடுக்கலாம் என்பதை அவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் நலம். ஊசி போடும் அறையில் கருவியை ஒரு நிலையில் நிறுத்திவைத்து எடுப்பவர் அதனை விட்டு அகன்று நாயின் தலைமாட்டில் அமர்தலே தக்கது. மணியின் படத்தில் அவ்வாறே செய்யப்பட்டது. சட்டகத்தின் ஓரத்தில் மாணவியின் முதுகு பாதி மறைக்க, நாயின் பின்னங்கால்கள் மட்டும் தெரிகின்றன.

தாயோடு பேச்சு மூன்று வாரம் நீண்டது. இறுதியில் கட்டணச் சீட்டுகளைத் தொகை தெரியக் காட்டவும், தம் முகத்தைக் காட்டாதிருக்கவும் அவர் இசைந்தார். படம் 22 நிமிடம். தாயின் முகம் ஓரிடத்திலும் இல்லை. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும் அவருடைய கை நான்கு இடங்களில் வருகிறது. ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் அதே கை, ஓரிடத்தில்.